யே-சோவின் மேஜையும் எங்க அக்கா வீட்டு பீரோவும்

ரிஷிவந்தியம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. 2011-ல் விஜயகாந்த் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவர் ஆனாரே, அந்தத் தொகுதி என்றால் ‘அட, ஆமாம்ல!’ என்பீர்கள். கள்ளக்குறிச்சி மாவட்டம். தியாகதுருகத்தில் இறங்கி பஸ் மாற வேண்டும். அர்த்தநாரீஸ்வரர் கோயில், கரும்பு, மரவள்ளி, அப்புறம் எங்க அக்கா வீடு. எனக்குத் தெரிந்த ரிஷிவந்தியம் இவ்வளவுதான்.

அக்கா வீட்டு ஹாலில் டி.வி. இருக்கிறது. அதன் மேல் ஒரு பழைய பட்டுப் பாவாடையை மடித்துப் போர்த்தியிருக்கிறார்கள். ரிமோட் பீரோவில். பீரோ சாவி அக்கா இடுப்பில். பெண் ப்ளஸ் டூவுக்கு வந்த அன்று கேபிளை நிறுத்தினார்கள். ப்ளஸ் டூ முடிந்தது. நீட் ஒரு தடவை எழுதியாச்சு, ரெண்டு தடவை எழுதியாச்சு. பாவாடை அப்படியே இருக்கிறது.

ஆனால், பெண்ணின் கையில் செல்போன் இருக்கிறது. அதைப் பிடுங்க முடியாது. கோச்சிங் சென்டரின் டெஸ்ட் எல்லாம் அதில்தான் வருகிறது. போன மாதம் ஒரு வாரம் லீவு போட்டு அங்கே போயிருந்தபோது, அந்த போனில்தான் ‘ஸ்கை கேஸில்’ என்ற கொரியன் தொடரைக் காட்டினாள்.

‘மாமா, இதைப் பாருங்க. நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கு. ஆனா, எல்லாரும் கோட்டு போட்டிருப்பாங்க!’

பார்த்தேன். மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு, கொசுவை அடித்துக்கொண்டு, இருபது எபிசோடையும் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். கதை கொஞ்சம் வெளியே வரும். அதனால் குறைந்து போகிற தொடர் இல்லை, தைரியமாகப் படிக்கலாம்.

தென் கொரியாவில் ஜே.டி.பி.சி. என்ற கேபிள் சேனலில் 2018 நவம்பரில் ஆரம்பித்து 2019 பிப்ரவரியில் முடிந்த தொடர் இது. எழுதியவர் யூ ஹ்யுன்-மி. இயக்கியவர் ஜோ ஹ்யுன்-தாக். முதல் எபிசோடை நாட்டில் 2 சதவிகிதம் பேர்கூடப் பார்க்கவில்லை. கடைசி எபிசோடு 23 சதவிகிதத்தைத் தாண்டி, அதுவரை கேபிள் தொடர் எதுவும் தொடாத உயரத்தைத் தொட்டது. ‘ஸ்கை’ என்பது வானம் மட்டும் அல்ல. சியோல், கொரியா, யோன்செய் என்ற மூன்று பல்கலைக்கழகங்களின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்தால் வரும் வார்த்தை. அந்த மூன்றில் ஒன்றில் நுழைந்துவிட்டால் பிறவிப் பயன் என்று நினைக்கிற ஊர் அது.

கதை நடப்பது டாக்டர்களும் சட்டப் பேராசிரியர்களும் மட்டும் குடியிருக்கும் ஒரு சொகுசுக் குடியிருப்பில். முதல் எபிசோடில் ஓர் அம்மா. மகனுக்கு சியோல் மெடிக்கல் சீட் கிடைத்துவிட்டது. மற்ற அம்மாக்கள் அவளுக்கு விருந்து வைக்கிறார்கள். விருந்து எதற்கு? பையன் எப்படிப் படித்தான் என்ற ரகசிய ஃபைலைக் கறக்கத்தான். சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். எபிசோடு முடியும்போது அந்த அம்மா தற்கொலை செய்துகொள்கிறாள். சீட்டு கிடைத்த வீட்டில்! கிடைக்காத வீட்டில் இல்லை.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு அம்மாக்கள் பயந்து ஒதுங்குவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? சரியாகப் போச்சு. அந்தப் பையனைத் தயார் செய்த ‘கோஆர்டினேட்டர்’ அம்மாளை அடுத்து யார் பிடிப்பது என்று போட்டி. பையன் எதைப் படிக்க வேண்டும், யாருடன் பழக வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் முடிவு செய்கிற மேனேஜர் இவர். பெயர் கிம் ஜூ-யோங். இவரை எங்கே பிடிக்கிறார்கள் தெரியுமா? ஒரு வங்கி தன் பெரும்பணக்கார வாடிக்கையாளர்களுக்கு மட்டும் ரகசியமாக நடத்தும் கூட்டத்தில். நான் பி.காம். படித்தவன். சிரித்துவிட்டேன். டெபாசிட்டுக்கு வட்டியோடு டாக்டர் சீட்டும்!

நம்ம கதாநாயகி ஹான் சோ-ஜின் (யோம் ஜங்-ஆ பிரமாதம்) தன் மூத்த மகள் யே-சோவுக்காக அந்தக் கோஆர்டினேட்டரைப் பிடித்துவிடுகிறாள். இரண்டாவது மகள் கடையில் மிட்டாய், பிஸ்கட் திருடுகிறாள். அம்மாவுக்கு விஷயம் தெரியும். கடைக்காரருக்கு ரகசியமாகப் பணத்தைக் கட்டிவிடுகிறாள். ஏன் கண்டிக்கவில்லை என்றால், படிப்பு டென்ஷனுக்கு அது ஒரு வடிகாலாம். டியூஷன் ஃபீஸ், புத்தகம், திருட்டு எல்லாம் ஒரே செலவுத் தலைப்பில்!

இன்னொரு வீட்டில் ஓர் அப்பா, சட்டப் பேராசிரியர். ஒரு பிரமிடு பொம்மையை வைத்துக்கொண்டு, உச்சியில்தான் இருக்க வேண்டும் என்று இரட்டைப் பையன்களுக்கு தினமும் பிரசங்கம். அவருடைய மகள் ஹார்வர்டில் படிக்கிறாள் என்று ஊரெல்லாம் பெருமை. அவள் ஹார்வர்டில் சேரவே இல்லை என்பது பிறகு தெரிகிறது. அவமானத்தில் அந்த மனிதர் படுகிற பாட்டைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் வீட்டில் காலேஜ் போகும் பிள்ளை இல்லை என்று அர்த்தம்.

சரி, இதெல்லாம் கொரியாக்காரன் சமாசாரம், நமக்கென்ன என்கிறீர்களா? பரீட்சை நாளில் ஆங்கிலம் கேட்கும் தேர்வு நடக்கும்போது சத்தம் வரக் கூடாது என்று அங்கே விமானங்களை நிறுத்துகிறார்கள். இங்கே நாம் பரீட்சைக்காகப் பெண் பிள்ளைகளின் காதுத் தோட்டைக் கழற்றுகிறோம். பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தக் கோட்டையை நம் ஊரிலும் பார்த்திருக்கிறோம். 2019 செப்டம்பரில் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் வெளியே வந்த நீட் ஆள்மாறாட்ட வழக்கு ஞாபகம் இருக்கிறதா? மாணவனுக்குப் பதில் வேறு யாரோ பரீட்சை எழுதினார்கள் என்று சி.பி.சி.ஐ.டி. மகனோடு அப்பாவையும் கைது செய்தது. அப்பா யார்? டாக்டர்! அடுத்த மாதமே நாமக்கல்லில் ஒரு பள்ளி மற்றும் நீட் பயிற்சிக் குழுமத்தில் வருமான வரித்துறை நுழைந்தது. சுமார் 30 கோடி ரூபாய் ரொக்கம் பிடிபட்டதாக அறிவித்தார்கள். எல்லாம் நம்மைப் போன்ற அப்பா அம்மா கொடுத்த பணம்தான். சியோலிலும் 2018-ல் ஒரு பெண்கள் பள்ளி ஆசிரியர், அங்கேயே படித்த தன் இரட்டை மகள்களுக்கு வினாத்தாளைக் கசியவிட்டு மாட்டினார். பிறகு ஜெயிலுக்கும் போனார். தொடரிலும் வினாத்தாள் கசிகிறது. கற்பனை கொஞ்சம்தான்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு சரக்கு நம் ஊரில் கொட்டிக் கிடக்கும்போது, தமிழில் ஏன் இப்படி ஒரு படைப்பு வரவில்லை?

படிப்பைப் பற்றி நாம் படம் எடுக்காமல் இல்லை. 2012-ல் மட்டும் ‘நண்பன்’, ‘தோனி’, ‘சாட்டை’ என்று மூன்று. 2016-ல் ‘அப்பா’. 2019-ல் ‘ராட்சசி’. 2023-ல் ‘வாத்தி’. எல்லாமே நல்ல எண்ணத்தோடு எடுத்த படங்கள். ஆனால், தியேட்டரை விட்டு வெளியே வரும்போது யாராவது தலை குனிந்து வந்தோமா? இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தோம்.

ஏனென்றால், குற்றவாளி எப்போதும் வேறு ஒருவன். ‘நண்பன்’ படத்தில் கல்லூரி முதல்வர். ‘வாத்தி’யில் கல்வி வியாபாரி. (‘சாட்டை’யில் நல்லாசிரியராக வந்த சமுத்திரக்கனிதான் ‘வாத்தி’யில் அந்த வியாபாரி. பதினோரு வருஷத்தில் ஆசிரியரை எங்கே கொண்டு போய் நிறுத்திவிட்டோம் பாருங்கள்!) ‘தோனி’ கொஞ்சம் துணிந்தது. பிரகாஷ்ராஜ் நடித்த அந்த அப்பா, மகனை அடித்துக் கோமாவில் தள்ளிவிடுகிறார். அடடா, இப்போது நம்மைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், அதே அப்பா கல்வி முறையைத் தட்டிக் கேட்கும் ஹீரோ ஆகிவிடுகிறார். குற்றவாளிக் கூண்டு காலி.

‘அப்பா’ படம் இன்னும் கிட்டே வந்தது. மதிப்பெண் வெறி பிடித்த அப்பாவாகத் தம்பி ராமையா. ஆனால், எதிர் வீட்டில் எல்லாம் தெரிந்த நல்ல அப்பாவாகச் சமுத்திரக்கனி நிற்கிறாரே! தியேட்டரில் உட்கார்ந்திருக்கிற முந்நூறு அப்பாவும் தன்னை யாராக நினைத்துக்கொள்வார்? ஒருத்தராவது ‘நான் தம்பி ராமையா’ என்று நினைத்திருப்பாரா? படம் முடிந்து, மகனைக் கட்டிப்பிடித்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை நாலரைக்கு அலாரம் வைத்து எழுப்பியிருப்பார்.

‘ஸ்கை கேஸில்’ இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. அது நமக்குத் தப்பிக்க வழி கொடுப்பதில்லை. கோஆர்டினேட்டர் ஒரு ராட்சசிதான். ஆனால், வீடு தேடிப் போய் அவர் காலில் விழுந்து கூட்டிக்கொண்டு வந்தது யார்? அம்மா. ‘என்ன நடந்தாலும் என்னை நம்புவீர்களா?’ என்ற பொருளில் அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அம்மா தலையாட்டுகிறாள். நமக்கும் தலை ஆடுகிறது. யே-சோ ஃபர்ஸ்ட் வர வேண்டும் என்று நானே மொட்டை மாடியில் வேண்டிக்கொண்டேன் என்றால் பாருங்களேன். அந்தப் பெண் படிக்கிற மரக்கூண்டு மாதிரி ஒரு தனி மேஜை வரும். தொடர் ஓடிய காலத்தில் கொரியாவில் அந்த மேஜைக்கு ஏக கிராக்கி. ‘யே-சோவின் மேஜை’ என்றே பெயர். கேலி செய்வதற்காகக் காட்டிய மேஜையை ஆர்டர் போட்டு வாங்கியிருக்கிறார்கள்! இதைவிடப் பெரிய கேலியை எந்த எழுத்தாளர் எழுத முடியும்?

குறை இல்லையா? இருக்கிறது. இருபதாவது எபிசோடு. பத்தொன்பது எபிசோடாக வளர்த்த விஷச் செடியில் திடீரென்று மல்லிகைப்பூ பூக்கிறது. எல்லா அப்பாவும் திருந்துகிறார், எல்லா அம்மாவும் அழுகிறாள், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கொரியாவிலேயே ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். எனக்கும் ஏமாற்றம்தான். நம்ம ஊர் டைரக்டர் யாரோ கடைசி நாள் ஷூட்டிங்குக்கு விமானம் ஏறிப் போய்விட்டாரோ என்று தோன்றியது.

ஆனால், எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. தொடரில் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே மேலே இருப்பவர்கள். சோ-ஜினின் கணவன் குடும்பமே டாக்டர் குடும்பம். மூன்றாவது தலைமுறையும் டாக்டர் ஆக வேண்டும் என்று பாட்டி பிடிவாதம். அவர்களுக்கு இருப்பது கீழே விழுந்துவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயத்தைக் கேலி செய்யலாம், செய்ய வேண்டும். தேனி வழக்கைப் படிக்கும்போது எனக்கு வருகிற கோபம் அந்தப் பயத்தின் மேல்தான்.

எங்க அக்கா கதை அப்படி இல்லை. அவள் எட்டாவதோடு நின்றவள். மாமா கரும்பு போடுகிறார். மில்லில் வெட்டு ஆர்டர் எப்போது வரும் என்று காத்திருப்பதும், வெட்டிய பிறகு பணம் எப்போது வரும் என்று காத்திருப்பதும்தான் அவர் வாழ்க்கை. 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். ‘அந்தப் பக்கம் போய்ட்டு வந்தா ரெண்டு நாளைக்குத் தூக்கம் வர மாட்டேங்குதுடா தம்பி. நம்ம மாவட்டத்துலயே கட்டிட்டான். நம்ம புள்ளைக்கு ஒரு எடம் இருக்காதா?’ என்கிறாள் அக்கா. இதில் கேலி செய்ய என்ன இருக்கிறது? கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஆசை இது.

அப்படியானால் யாரைக் கேலி செய்வது? இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

நாமக்கல் கோழிக்கும் பெயர் போனது, உறைவிடப் பள்ளிக்கும் பெயர் போனது. இரண்டையும் முடிச்சுப் போட்டு ‘பிராய்லர் பள்ளி’ என்று யாரோ பெயர் வைத்தார்கள். நானும் இந்தப் பக்கத்தில் அந்த வார்த்தையை நாலைந்து தடவை போட்டுக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால், முதல் தடவை நீட்டில் மார்க் குறைந்து அக்கா போன் செய்தபோது, ‘ஹாஸ்டலோட இருக்கிற கோச்சிங்ல போடு, வீட்ல இருந்தா படிக்க மாட்டா’ என்று சொன்னவன் யார்? நான்தான். எந்த ஊர், எந்த சென்டர் என்று விசாரித்து விண்ணப்பம் பூர்த்தி செய்தவனும் நான்தான். ஃபீஸுக்காக அக்காவின் ஐந்து பவுன் செயின் சொசைட்டியில் அடகுக்குப் போனது. இரண்டாவது தடவையும் கிடைக்காதபோது, ‘இவ்வளவு போட்டாச்சு, இன்னும் ஒரு வருஷம் போடு’ என்றேன்.

நான் பி.காம். என்று சொன்னேன் அல்லவா? கையை விட்டுப் போன பணத்தை நினைத்து மேலும் பணம் போடாதே என்பது நாங்கள் படிக்கிற பாலபாடம். ‘சங்க் காஸ்ட்’ என்று பெயர். பரீட்சையில் அதற்குப் பதில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அக்காவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. சென்னையில் இருக்கிற தம்பி, பத்திரிகைக்காரன், அவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவள் நம்பினாள். ‘என்னை நம்புறியா?’ என்று நான் கேட்கக்கூட இல்லை. கேட்காமலே நம்பினாள். ஆக, ரிஷிவந்தியத்தின் கிம் ஜூ-யோங் யார் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

தொடரில் எனக்கு மறக்க முடியாத காட்சி ஒன்று உண்டு. சோ-ஜினின் கணவன், பெரிய டாக்டர், ஐம்பதை நெருங்குகிற மனிதன், தன் அம்மா முன்னால் நின்று குழந்தை மாதிரி கதறுகிறான். அம்மா சொன்னபடியே படித்து, சொன்னபடியே ஜெயித்து, இந்த வயதில் தான் யார் என்றே தனக்குத் தெரியவில்லை என்று. சோ-ஜின் மட்டும் என்ன? அவள் மார்க்கெட்டில் மாட்டு ரத்தம் விற்ற குடிகாரனின் மகள். பெயரையே மாற்றிக்கொண்டு, பிறந்த வீட்டை மறைத்துக்கொண்டு இந்தக் கோட்டைக்குள் வாழ்கிறாள். அவள் ஒருத்திதான் எங்க அக்காவுக்குக் கொஞ்சம் சொந்தம். மேலே ஏறியதில் தப்பே இல்லை. ஏறிய படிக்கட்டை மறைத்து, மகளையும் அந்தப் பொய்க்குக் காவல் வைத்தாளே, அங்கேதான் எழுத்தாளர் அவளைப் பிடிக்கிறார். அந்த நுணுக்கம் நம் படங்களில் வந்துவிட்டால் போதும், எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம்.

கடைசி நாள் ராத்திரி. இருபதாவது எபிசோடு முடிந்து போனைத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா மகள் கேட்டாள்.

‘மாமா, நீங்க எதுக்கு பி.காம். படிச்சீங்க?’

‘எதுக்குன்னெல்லாம் இல்லை. அந்த அப்ளிகேஷன்தான் கிடைச்சுது. உங்க தாத்தாவுக்கு பி.காம்.னா என்னன்னே தெரியாது. பாஸ் பண்ணினியான்னு மட்டும் கேப்பார்.’

‘யாரும் எதுவும் சொல்லலையா?’

‘இல்லை.’

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். ‘நல்லா இருந்திருக்கும்ல?’ என்றாள்.

அந்த ஒரு வரியில் நான் உடைந்துபோனேன். உடனே ஹீரோ ஆகிவிடுவது என்று முடிவு செய்தேன். (எத்தனை தமிழ்ப் படம் பார்த்திருக்கிறேன்!) ‘உனக்குப் பிடிக்கலைன்னா விட்டுடும்மா. அம்மாகிட்ட நான் பேசறேன். பிஎஸ்.சி. சேரு, பி.ஏ. சேரு, எதுவேணா படி’ என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

‘எனக்கு டாக்டர் ஆவணும் மாமா. நான் எப்ப வேணாம்னு சொன்னேன்? அந்த ஹாஸ்டல்தான் வேணாம். வீட்ல இருந்து படிச்சு இன்னும் ஒரு தடவை எழுதறேன். வரலைன்னா நர்ஸிங் போறேன். இதை அம்மாகிட்ட சொல்லுங்க, போதும்.’

இவ்வளவு தெளிவாக இருக்கிறாள். மூன்று வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. பணம் எவ்வளவு, மார்க் எவ்வளவு, கட் ஆஃப் எவ்வளவு என்று எல்லாக் கணக்கும் எழுதினேன். யாருக்காக எழுதினோமோ அவளுக்கு அந்தப் பேரேட்டில் ஒரு பக்கம்கூட ஒதுக்கவில்லை.

மறுநாள் காலையில் அக்காவிடம் பேசினேன். தப்பு என்னுடையது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அக்கா திட்டவில்லை. ‘நீயும் நல்லதுக்குத்தானடா சொன்ன’ என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தாள். செயின் இருந்த பெட்டி காலியாக இருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் கவருக்குள் ரிமோட். எடுத்து மகளிடம் கொடுத்தாள். பாவாடையை நீக்கி டி.வி.யைப் போட்டோம். மூன்று பேரும் உட்கார்ந்தோம். நீல நிறத்தில் வெறும் திரை.

கேபிளை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது என்பது மூன்று பேருக்கும் மறந்துபோயிருந்தது.